இரண்டாயிரம் லூமன்

நவம்பர் 4, திங்கள்

கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் இன்று என் பக்கத்தில் வந்து நின்றார். எப்படி வந்தார் என்று தெரியவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து பச்சைமிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். திரும்பினால் ஓர் ஆள். சுளகு கைதவறி மிளகாயெல்லாம் தரையில். "கேட்ல நின்னு நாலு தடவ கூப்பிட்டேம்மா. பக்கத்துலயே வந்து நிக்கேன், நீங்க பாக்கவே இல்லையே" என்கிறார். இந்தக் காலத்து ஆட்களுக்குக் காலடிச் சத்தமே கிடையாது. எல்லாருக்கும் ரப்பர் செருப்பு.

இது மூன்றாவது தடவை. அக்டோபரில் ஒரு தடவை தபால்காரர், ஒரு தடவை பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள். காற்றிலிருந்து முளைத்ததுபோல் முளைக்கிறார்கள்.

பெரிலிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். ஓசூரில் இருந்துகொண்டு மகள் பதறுகிறாள்.

"மம்மி, எழுபத்தாறு வயசு. டாடி போய் நாலு வருஷம் ஆச்சு. பாத்ரூம் வீட்டுக்கு வெளிய இருக்கு, பின்வாசல் எப்பவும் திறந்து கிடக்கு. யார் வேணா உள்ள வரலாம். கோயமுத்தூர்ல நான் சொன்ன இடத்துல ஒரு வீடு காலியாகுது. டிசம்பர் முப்பதுக்குள்ள வேணுமா வேண்டாமான்னு சொல்லணும்."

முதியவர்களுக்கென்றே கட்டிய வீடுகள். மூன்று வேளையும் மணியடித்துச் சாப்பாடாம். மணியடித்துச் சாப்பிடுவதை நான் பதினாறு வயதில் கான்வென்ட் விடுதியோடு முடித்துக்கொண்டேன்.

அரைமணி நேரம் வாதாடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பின்பக்கம் நல்ல பாதுகாப்பு விளக்கு ஒன்று போட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பெரில் அதைப் பார்ப்பாள். நான் அந்த வெளிச்சத்தில் பயமில்லாமல் நடமாடுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தால் கோயமுத்தூர்ப் பேச்சு அத்தோடு முடிந்தது. சோலார் விளக்குதான் போடுவேன் என்றேன். ஐப்பசி, கார்த்திகையில் பாளையங்கோட்டையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த வீட்டை விட்டு நான் போகப்போவதில்லை. எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 6, புதன்

மார்க்கெட் அருகே பக்கீர் மைதீனின் எலக்ட்ரிக் கடை. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து இந்த வீட்டு ஒயரிங் அவர்கள் கையில்தான்.

ஒரு பெட்டியில் ஐந்நூறு வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விளக்கோ உள்ளங்கையளவு. இது எப்படி என்று கேட்டேன்.

"வாட்ஸ பாக்காதீங்கம்மா. அது பெட்டியில என்ன வேணா அடிச்சு வைப்பானுவ. லூமன் எவ்வளவுன்னு பாருங்க. வெளிச்சம் எம்புட்டுங்கிற கணக்கு அதுலதான் இருக்கு."

"அப்படியானால் பொய்யை ஏன் விற்கிறீர்கள்?"

"பொய் போட்டாத்தான் ஆளுக எடுத்துப் பாக்காவம்மா. உண்மையப் போட்ட பெட்டி அங்க மேல தூசி அடைஞ்சு கெடக்கு."

அதை இறக்கச் சொன்னேன். உள்ளே இருந்த விளக்கக் காகிதத்தைக் கடையிலேயே நின்று முழுவதும் வாசித்தேன். கடுகு கடுகாக எழுத்து. ஒரு வரி விடவில்லை. ஆறு பிழைகள் இருந்தன. அவருடைய பேனாவை வாங்கித் திருத்திக் கொடுத்தேன். மில் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் தலைமைத் தட்டச்சராக இருந்தவளுக்கு அது கைப்பழக்கம். "ம்மா, உங்க கண்ணு கண்ணும்மா" என்றார் பக்கீர். பெரில் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

எண்ணூறு லூமன். ஆள் நடமாடினால் பளிச்சென்று எரியும், மற்ற நேரம் மங்கலாக இருக்கும். அதையே எடுத்தேன்.

திரும்பும்போது வாழைத்தார் வண்டி ஒன்று இடதுபக்கத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து என் முழங்கையில் இடித்தது. வண்டிக்காரர் என்னைத் திட்டினார். நின்றிருந்த வண்டியில் நான் போய் இடித்தேனாம்.

நவம்பர் 9, சனி

பக்கீர் வந்து விளக்கைப் பின்சுவரில் மாட்டினார். ஆறே காலுக்கு இருட்டியது. போய் நின்றேன்.

இதுவா விளக்கு? துவைக்கிற கல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆறரைக்கு விளக்கைப் பார்த்தேன். ஆறே முக்காலுக்குப் பார்த்தேன். ஏழுக்குப் பார்த்தேன். மங்கல்தான்.

நவம்பர் 12, செவ்வாய்

பக்கீர் மைதீன் வந்தார். மேலே முருங்கைமரம் நிழல் போடுகிறது, ஒரு வாரமாக மேகம், பேனலுக்கு வெயில் போதவில்லை என்கிறார். ஒப்புக்கொள்ளக்கூடிய காரணங்கள். விளக்கு தனி, பேனல் தனியாக வருகிற வகை ஒன்று இருக்கிறதாம். பேனலை மொட்டைமாடியில் வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டு ஒயரைக் கீழே இறக்கலாம்.

"இரண்டாயிரம் லூமன்மா. இதுக்கு மேல வேணும்னா கிரிக்கெட் கிரவுண்டுலதான் போய் கழத்திட்டு வரணும்."

நகைச்சுவைக்கு நான் சிரிக்கவில்லை. நாளை மறுநாள் மாட்டச் சொன்னேன்.

நவம்பர் 14, வியாழன்

மாட்டியாயிற்று. மாடியின் நடுவே நட்டிருக்கும் பழைய இரும்புக் குழாயில் பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்த்துக் கட்டினார் பக்கீர். அங்கேதான் நாள் முழுக்க வெயில்.

இருட்டும்வரை அவரைப் போகவிடவில்லை. காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். ஆறு இருபதுக்கு "வந்துட்டும்மா!" என்று சத்தம் போட்டார். வெளியே போனேன். அவர் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். "கண்ணு கூசலையாம்மா?" என்றார். கூசவில்லை என்றேன். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். காப்பி டம்ளரில் பாதி அப்படியே இருந்தது.

நவம்பர் 18, திங்கள்

காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது ஆவுடையம்மாள் மதில் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள். வழக்கம்போல் முகவுரை கிடையாது.

"யக்கா, அது என்ன லைட்டு போட்டிருக்கீய? எங்க அடுப்பங்கரைக்குள்ள பட்டப்பகல் மாரி அடிக்கி. இவிய நாலு மணி ஷிப்டுக்குப் போறவிய, எட்டு மணிக்கே படுக்கணும். நாலு நாளா போர்வையத் தலைக்கு மேல போத்திக்கிட்டு, யாரு வீட்டுல திருவிழாங்காவ."

"மிகைப்படுத்தாதே ஆவுடை. அது மின்மினி மாதிரி இருக்கிறது."

"மின்மினியா? நேத்து அந்த வெளிச்சத்துல நான் அரிசியில கல்லு பொறக்குனேன் யக்கா!"

அவளுடைய கணவர் கோமதிநாயகம் பஸ் டெப்போவில் மெக்கானிக். நல்ல மனிதர், மிகைப்படுத்துகிற பழக்கம் அவருக்கும் உண்டு. விளக்கைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்கிறேன் என்றேன். அரிசியில் கல் பொறுக்கினாளாம்.

நவம்பர் 19, செவ்வாய்

ஒரு வேலையும் ஓடவில்லை. அலமாரித் துணிகளை எடுத்து மடித்து அடுக்கினேன். மறுபடி எடுத்து அடுக்கினேன். செய்தித்தாளை வரிவிளம்பரம் உட்பட வாசித்தேன். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. தெளிவாக.

அம்மா தன் கடைசி வருடங்களில் வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவித் தடவி நடப்பாள். நேராகப் பார்த்தால் ஊசியில் நூல் கோப்பாள். இதை ஏன் இன்று நினைத்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் மாதம் கண்ணாடி மாற்றப் போனபோது கடைக்காரர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கண்ணில் அழுத்தம் பார்க்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். கண்ணாடி விற்கிறவர், டாக்டர் இல்லை. சீட்டு, கோயிலுக்குக் கொண்டுபோகும் சங்கீதப் புத்தகத்துக்குள் அடையாளமாக இருக்கிறது. அதற்குத்தான் பயன்படுகிறது.

நவம்பர் 22, வெள்ளி

பெரில் போன் செய்தாள். விளக்கு எப்படி என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது, பகல் மாதிரி இருக்கிறது, பக்கத்து வீட்டில் அரிசியே பொறுக்குகிறார்கள் என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம். இனி அந்த விளக்கைப் பற்றி யாரிடமும் குறை சொல்வதில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

அட்வென்ட் முதல் ஞாயிறு; கிறிஸ்துமஸ் ஆயத்தம் தொடங்கியாயிற்று. கோயிலில் மணியடிக்கும் பொன்னையா மத்தியானம் வந்து நட்சத்திரத்தைக் கட்டினார். நாற்பது வருடமாக இந்த வீட்டு நட்சத்திரம் மாடியிலிருக்கும் அதே இரும்புக் குழாயில்தான் ஏறுகிறது; குழாய் நட்டதே அதற்காகத்தான். நடுவில் பக்கீருடைய பேனல் இருந்ததால், அதற்கு நேர் மேலே கட்டச் சொன்னேன்.

"எல்.ஈ.டி பல்பு போடவாம்மா?" என்றார் பொன்னையா. கூடாது என்றேன். எல்.ஈ.டியில் நட்சத்திரத்தின் முனைகள் இருண்டு கிடக்கும். பழைய நூறு வாட் குண்டு பல்பு இரண்டு எடுத்துவைத்திருக்கிறேன். ஒன்றைப் போட்டோம். தெருமுனையிலிருந்து பார்த்தாலும் எங்கள் நட்சத்திரம்தான் முதலில் தெரியும் என்று பொன்னையா சொன்னார்.

டிசம்பர் 5, வியாழன்

விளக்கு நன்றாக எரிகிறது.

டிசம்பர் 9, திங்கள்

அச்சுமுறுக்குக்கு மாவு சலித்தேன். பின்பக்கம் ஆறரைக்குப் போய் நின்று பார்த்தேன். விளக்கு எரிகிறது. ஆவுடை இப்போதெல்லாம் குறை சொல்வதில்லை. நல்ல விளக்குக்குப் பழகிக்கொண்டாள்.

டிசம்பர் 14, சனி

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாளி தடுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருக்கிறது. எழுந்திருக்கச் சற்று நேரம் ஆனது. வாளியை யார் அங்கே வைத்தது? நான்தான் வைத்தேன். இருந்தாலும்.

பெரிலிடம் சொல்லவில்லை. சேலை மறைத்துவிடும்.

டிசம்பர் 21, சனி

பெரில் மத்தியானம் வந்தாள். மெலிந்திருக்கிறாள். மூன்று மணிக்கு அச்சுமுறுக்கு டின்னைக் காலி செய்யத் தொடங்கினாள். சின்ன வயதிலும் அப்படித்தான்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இருட்டியதும் "வாங்க மம்மி, உங்க புது லைட்டப் பாப்போம்" என்றாள். எனக்கும் அதில் ஒரு பெருமை. முன்னால் நடந்தேன். படியில் நின்று கையை நீட்டிக் காட்டினேன். "எப்படி இருக்கிறது? இரண்டாயிரம் லூமன். துவைக்கிற கல், பாத்ரூம் கதவு, முருங்கைமரம் எல்லாம் பளிச்சென்று."

பெரில் ஒரு படி இறங்கி நின்றாள்.

"ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாயே?"

"மம்மி, லைட் எங்க?"

"எதிரே எரிகிறதே."

"எங்க மம்மி எரியுது?"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஆவுடையின் குரல் வந்தது. அவளுக்கு எல்லாம் கேட்கும்.

"யாரு, பெரிலா? எப்பம்மா வந்தே? அந்த லைட்டு எரிஞ்சு இருவது நாளாச்சே! என்னைக்கு மாடியில ஸ்டாரு ஏறிச்சோ அன்னைக்கு அமந்ததுதான். அக்காகிட்ட சொல்லலாம்னுதான் நெனச்சேன். சொன்னா மறுபடி எரிய வச்சிருவாவளேன்னு பயம். எங்க வீட்டுல இவிய இப்பந்தான் நல்லா உறங்குதாவ."

இருபது நாட்கள். இந்த நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதியதைத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை. ஞாபகம் இருக்கிறது.

பெரில் என் கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டேன். "விளக்கில் ஏதோ பழுது. பக்கீரைக் கூப்பிடு" என்றேன். என் குரல் மில் அலுவலகக் குரலாக இருந்தது.

அவர் கால்மணி நேரத்தில் வந்தார். மாடிக்குப் போனதும் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ம்மா, பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல. இந்தப் பேனல் இருக்குல்லா, அது மேல வெளிச்சம் பட்டா பகல்னு நெனச்சுக்கிட்டு லைட்ட அமத்திரும். நீங்க அதுக்கு நேர் மேல நூறு வாட் பல்பு போட்டு ஸ்டாரு கட்டியிருக்கீங்க. இருவது நாளா அதுக்கு ராத்திரியே வரல! ஸ்டாரு சுவிட்ச அமத்துங்க பாப்போம்."

பெரில் சுவிட்சை அணைத்தாள். சில விநாடிகள் கழித்து, "ஐயோ!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆவுடை வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

எனக்கு, துவைக்கிற கல் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

பக்கீர் மைதீன் இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் வாரேம்மா" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பெரில் சங்கீதப் புத்தகத்தை எடுத்தாள். சீட்டு கீழே விழுந்தது. வாசித்தாள். தேதியையும் வாசித்தாள்.

சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "பாட்டிக்கு இருந்தது இதுதானே மம்மி?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். நெடுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம். கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

டிசம்பர் 23, திங்கள்

திருநெல்வேலிக்குப் போய்க் கண் ஆஸ்பத்திரி. கூட்டம். டோக்கன் நூற்றுப் பதினேழு.

பார்வைப் பரப்புச் சோதனை என்று ஒன்று எடுத்தார்கள். இருட்டான அறை. பெரிய வெள்ளைக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்ததுபோல் ஒரு கருவி. அதற்கு முன்னால் மோவாயைப் பதித்து ஒரு கண்ணால் நடுவிலிருக்கும் மஞ்சள் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் எங்காவது பொட்டுப் போல் ஒரு வெளிச்சம் மின்னும். மின்னியதும் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். சோதனை எடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பொறுமையாக விளக்கினாள்.

தொடங்கியது. ஒரு பொட்டு தெரிந்தது, அழுத்தினேன். பிறகு கருவிக்குள் 'டிக்' என்ற சத்தம், பொட்டு இல்லை. மறுபடி 'டிக்', இல்லை. நான்கைந்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் எங்கோ ஒரு வெளிச்சம் வருகிறது, எனக்கு வரவில்லை.

இதை எழுதக் கை கூசுகிறது. நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடித்த கை இது. தாளம் பிடிப்பது எனக்குக் கடினமில்லை. சத்தத்தை வைத்து அழுத்த ஆரம்பித்தேன். டிக், அழுத்து. டிக், அழுத்து. எல்லாவற்றையும் பார்க்கிறவளைப்போல. வெளியே பெரில் உட்கார்ந்திருந்தாள். முப்பதாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம்.

முடிந்ததும் அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்தாள்.

"அம்மா, லைட் வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க."

"எதை வைத்துச் சொல்கிறாய்?"

"மெஷின் அப்பப்ப சும்மா சத்தம் மட்டும் குடுக்கும்மா. லைட் குடுக்காது. அதுக்கும் நீங்க அமுக்கியிருக்கீங்க. இத வச்சு டாக்டரால மருந்து எழுத முடியாது. பரவால்ல, நெறைய பேரு இப்படித்தான் பயத்துல அமுக்குவாங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்க, மறுபடி எடுத்துரலாம்."

பயத்தில் என்று சொன்னாள். மரியாதைக்காகச் சொல்லியிருக்கலாம்.

தண்ணீர் குடிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்தேன். பிறருடைய தட்டச்சில் ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் திருப்பி அனுப்பியவள் நான். இல்லாத வெளிச்சத்தை இருபது நாளாக நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தாயிற்று. இன்று கருவியிடமும் சொல்லிவிட்டேன். யாரை ஏமாற்ற இந்த நாடகம்?

இரண்டாவது தடவை தெரிந்தபோது மட்டும் அழுத்தினேன். டிக். சும்மா இருந்தேன். டிக். சும்மா இருந்தேன். விரல் தானாகத் துடித்தது, அடக்கினேன். இடையிடையே ஒரு பொட்டு வந்தது. அந்த மௌனங்களைப் போல் நீளமான எதையும் நான் இதுவரை உட்கார்ந்து கேட்டதில்லை.

டாக்டர் காகிதத்தைக் காட்டினார். நடுவில் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு மை. கண் அழுத்த நோய். கிளாக்கோமா. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெரிய மாட்டார்கள், மங்கின வெளிச்சத்தில் கால் தடுக்கும், நேராக இருப்பதை வாசிக்க முடியும். என் இரண்டு மாதத்தை அவர் இரண்டு நிமிடத்தில் சொன்னார்.

"எப்ப இருந்து சந்தேகம்மா உங்களுக்கு?"

பெரில் பக்கத்தில்தான் நின்றாள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"ஜூனிலிருந்து" என்றேன்.

டிசம்பர் 25, புதன்

நட்சத்திரம் ஏற்றவில்லை. மற்றபடி எல்லாம் வழக்கம்போல். காலை, இரவு சொட்டு மருந்து. எரிகிறது.

டிசம்பர் 28, சனி

பக்கீர் மைதீனை வரச் சொன்னேன். அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். எனக்குப் பக்கங்கள் தெரியாது, மங்கல் தெரியாது; இதற்கு எந்த விளக்கு? அவர் யோசித்தார்.

"அப்படின்னா உசரத்துல பெரிய லைட்டு வேண்டாம்மா. அது நிழலத்தான் கூட்டும். காலுக்குக் கிட்ட வரிசையா சின்னது போடலாம், படிக்கு ஒண்ணு, பாத்ரூம் வரைக்கும். படி ஓரத்துல வெள்ளை பெயிண்ட் ஒரு கோடு இழுத்துருதேன்."

மதிலுக்கு மேலே ஆவுடையின் தலை தெரிந்தது. தலையைத் திருப்பி நேராகப் பார்த்ததால் தெரிந்தது.

"யண்ணே, எனக்குத் தெரியுத மாரியும் ஒண்ணு போடுங்க. அக்கா வெளிய வந்தா எரியணும், உள்ள போனா அமரணும். நான் அடுப்பங்கரையிலதான கெடக்கேன், எரிஞ்சா எட்டிப் பாத்துக்கிடுவேன். போன லைட்டு மாரி இல்ல, பொறுத்துக்கிடுத மாரி."

"நான் பாத்ரூமுக்குப் போவதை ஊருக்கு விளக்குப் போட்டு அறிவிக்க வேண்டுமா?" என்றேன்.

"ஊருக்கு எதுக்கு? எனக்குத்தான். அன்னைக்கு வாளியில தடுக்கி விழுந்தீயளே, சத்தம் கேட்டு ஓடியாந்தேன். நீங்க எந்திரிச்சு சேலையத் தட்டிக்கிட்டு யாரையோ வைஞ்சுக்கிட்டிருந்தீய. சரி, நான் பாத்தேன்னு தெரிஞ்சா வெக்கப்படுவீயன்னு திரும்பிப் போயிட்டேன்."

பெரில் என் காலைப் பார்த்தாள். சேலை மறைத்துத்தான் இருந்தது.

கோபம் வந்தது. ஆவுடைமேல் இல்லை. நான் தரையிலிருந்து எழுந்து, ஒருவரும் பார்க்கவில்லை என்று ஆறுதல் அடைந்த அந்த நேரத்தில் ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. இன்னும் எத்தனை பேர் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்?

விளக்கைப் பற்றி அவளுக்குப் பதில் சொல்லவில்லை. பக்கீர் அளவு எடுத்துக்கொண்டு போனார்.

டிசம்பர் 30, திங்கள்

பெரில் காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். நானும் அறைக்கு அறை நடந்தேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் தவிர்த்துக்கொண்டு நடப்பது களைப்பான வேலை. பதினோரு மணிக்கு அவளை உட்காரச் சொன்னேன்.

"ஜூன் மாதம் அதே சோதனையை மறுபடி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீ லீவு போட்டுவிட்டு வா. என் பக்கத்திலேயே நின்று பார். இந்தக் காகிதத்தில் இருக்கும் கறுப்பு கூடியிருந்தால், கோயமுத்தூருக்கு நானே போன் செய்து எனக்கு ஒரு வீடு வேண்டும் என்று கேட்பேன். கூடவில்லையென்றால் அடுத்த ஆறு மாதம் இங்கேதான்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஆவுடை சொன்ன விளக்கைப் போடுகிறேன்."

அவள் என்னையே பார்த்தாள்.

"மம்மி, ஜூன்ல பொத்தான ஒழுங்கா அமுக்குவீங்களா?"

அந்தச் சோதனைப் பெண் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரமாக இதை மனதில் வைத்துக்கொண்டு என் எதிரே அச்சுமுறுக்குத் தின்றிருக்கிறாள்.

"வெளிச்சம் தெரிந்தால் அமுக்குவேன். தெரியாவிட்டால் சும்மா இருப்பேன்."

பெரில் கோயமுத்தூருக்குப் போன் போட்டு இப்போதைக்கு வேண்டாம் என்றாள். இப்போதைக்கு என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னாள். அது நியாயம்தான்.

ஜனவரி 3, வெள்ளி

பெரில் நேற்று ஊருக்குப் போனாள். பக்கீர் இன்று வேலையை முடித்தார். தரையை ஒட்டி ஏழு சின்ன விளக்குகள், மஞ்சள் வெளிச்சம். ஆறாவது சற்றுக் கோணலாக இருந்தது. கழற்றி மாட்டச் சொன்னேன். பாத்ரூம் சுவரின் மேல் ஒன்று, ஆள் நடந்தால் எரிவது, ஆவுடையின் ஜன்னலைப் பார்த்து. அதன் லூமன் எத்தனை என்று கேட்கவில்லை. அது நான் பார்ப்பதற்கு இல்லை.

காலையில் மதிலருகே போய் ஆவுடையிடமும் சொன்னேன். நீளமாக ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். வெளியே வந்தது இரண்டே வாக்கியம். "ஆவுடை, எனக்கு ரெண்டு பக்கமும் கண் தெரியாது. வரும்போது பேரைச் சொல்லிக்கொண்டே வா."

"இதச் சொல்லுததுக்கா யக்கா பட்டுச்சேலை கட்டிட்டு வந்திருக்கீய?" என்றாள்.

சாயங்காலம் ஆறரை மணி. இருட்டிவிட்டது. படி ஓரத்து வெள்ளைக் கோட்டைக் காலால் தேடி இறங்கினேன். கீழே மஞ்சள் பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான்காவது தெரிந்தது. ஐந்தாவது இருக்கிறதா என்று நின்று, நேராகக் குனிந்து பார்த்து, பிறகு நடந்தேன். துவைக்கிற கல்லைத் தாண்டினேன். மேல்விளக்கு எரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. பக்கத்து ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"யக்கா! லைட்டு வந்துட்டு. நீங்கதானா?"

ஜன்னல் காத்திருந்தது.

"நான்தான்" என்றேன். அது போதாதென்று பட்டது. இன்னொரு முறை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.